ஒருநாளும் காலியாகாத பத்தி

கேட்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை இவை.

சிப்பிக்கரையிலிருந்து கடலுக்குப் போகும் எவரும், கட்டுமரத்தையோ வள்ளத்தையோ நீரில் தள்ளுவதற்கு முன், மீனவர் சங்கத்தின் சன்னலில் நின்று தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போவார். கரை திரும்பியதும் அதே சன்னலில் நின்று, "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பார். உள்ளே இருப்பவர் போனவரை எழுதுவார்; வந்தவரை நீக்குவார். காற்று எச்சரிக்கை வந்தால், நீங்காமல் எஞ்சிய பெயர்கள் மட்டுமே மீட்புப் படகுக்குச் சொல்லப்படும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தச் சன்னலுக்கு உள்ளே இருப்பவள் அமலோற்பவம்.

முன்பு நோட்டில் எழுதினாள். இப்போது கணினி வந்திருக்கிறது. அதில் விரியும் கட்டத் தாளை எக்செல் என்கிறார்கள். குறுக்கே ஓடுவது வரி. நெடுக்கே இறங்குவது பத்தி. ஒரு படகுக்கு ஒரு வரி. தாளின் தலைப்பில் சில பெட்டிகளை வைத்து, அவற்றில் பெயரும் மற்ற விவரமும் தட்டச்சு செய்யலாம். பக்கத்தில் ஒரு பட்டனை வைக்கலாம். அதை அழுத்தினால், பெட்டியில் இருப்பது தாளில் போய் விழும்.

ஆனால் பட்டனுக்குத் தானாக எதுவும் தெரியாது. எங்கே எழுத வேண்டும் என்பதை ஒருவர் அதற்கு முன்னதாக எழுதிவைக்க வேண்டும்.

அறிய வேண்டியவை இவ்வளவே.

*

"டீச்சர், மொதப் படகை ரெண்டாவது படகு தின்னுட்டு" என்றாள் அமலோற்பவம்.

சண்முகக்கனி குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்தார். நகரத்துப் பள்ளியில் கணினி கற்பிப்பவர். வியாழன்தோறும் பிற்பகல் பேருந்தில் வந்து, கடைசிப் பேருந்தில் திரும்புவார். ஆசிரியைக்கு வயது இருபத்தொன்பது, மாணவிக்கு ஐம்பத்துமூன்று.

"எப்படித் தின்னுச்சு?"

"ஒரு பேரு அடிச்சேன். அமுக்குனேன். தாள்ல விழுந்துச்சி. இன்னொரு பேரு அடிச்சேன். அமுக்குனேன். மொதப் பேரு இருந்த எடத்துலயே வந்து உக்காந்துக்கிட்டு. பத்துப் பேரு எழுதுனேன், டீச்சர். கடைசியா எழுதுன ஒருத்தன்தான் மிச்சம்."

"பட்டனை எங்க எழுதச் சொன்னீங்க?"

"ரெண்டாவது வரியில."

"ரெண்டாவது தடவை அழுத்தும்போது?"

அமலோற்பவம் யோசித்தாள். "அதுக்குத் தனியா ஒண்ணும் சொல்லல்லியே."

"அப்ப அது முதல்ல சொன்னதைத்தான் செய்யுது. சொன்ன பேச்சைக் கேக்குது."

"எங்க வீட்டுக்காரரு சொன்ன பேச்சைக் கேக்காமக் கொல்லுதாரு. இது கேட்டுக் கொல்லுது."

ஆசிரியை சிரிக்கவில்லை. விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு தட்டினார். தாள் கீழே விழுந்தது. பத்து லட்சத்தையும் தாண்டி, இனி வரியே இல்லை என்னும் இடத்தில் போய் நின்றது. அங்கே எல்லாம் வெறுமை.

மறுபடி ஒரு தட்டு. தாள் மேலே பாய்ந்து ஏறியது. எழுதப்பட்டிருந்த அந்த ஒற்றைப் பெயரில் முட்டி நின்றது.

"இதுக்கு அடுத்த வரி" என்றார். "பட்டனை அடியில இருந்து ஏறி வரச் சொல்லுங்க. எதுல முட்டுதோ, அதுக்குக் கீழ எழுதச் சொல்லுங்க."

"தாள்ல அஞ்சு பத்தி இருக்கே. எந்தப் பத்தி வழியா ஏற?"

"ஒருநாளும் காலியா இருக்காத பத்தி வழியா."

"அது எது?"

"உங்க கடல், உங்க ஆளுங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. வாசலில் நின்று ஆசிரியை திரும்பினார்.

"அக்கா. அடுத்த வியாழன் நான் பாக்கிற வரைக்கும் நோட்டை மூடாதீங்க. ரெண்டுலயும் எழுதுங்க."

*

அமலோற்பவம் அன்றே அமர்ந்தாள்.

பத்திகள் ஐந்து: போன் எண், பெயர், மரமா வள்ளமா, எத்தனை பேர், எந்தத் திசை. போன் எண்ணை முதலில் வைத்திருந்தாள். மீட்புப் படகுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒருநாளும் காலியாக இராதது எது?

மரத்தில் போகிறவன் திசையைச் சொல்லாமல் போவான். ஆள் கணக்கைச் சிலர் கரையிலேயே மாற்றுவார்கள். முதல் பத்தியில் விரலை வைத்தாள்.

"இந்தக் காலத்துல போன் இல்லாதவன் யாரு?" என்று சங்கச் செயலரிடம் கேட்டாள். "கோயில் உபதேசியாரே ரெண்டு வச்சிருக்காரு."

"ஒண்ணு மேல பேசதுக்கு" என்றார் செயலர்.

பட்டனுக்கு அப்படியே எழுதிவைத்தாள்: போன் எண் பத்தியின் அடியிலிருந்து ஏறு, முட்டும் இடத்துக்குக் கீழே எழுது. பன்னிரண்டு படகுகளை எழுதிப் பார்த்தாள். பன்னிரண்டு வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வந்தவரின் வரியை நீக்குவதற்கு வேறொரு பட்டனும் வைத்தாள். அதுவும் சொன்னபடி நீக்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை முப்பத்தொரு படகுகள் போயின. முப்பத்தொரு வரிகள். அவள் நோட்டிலும் எழுதினாள், கணினியிலும் எழுதினாள். சன்னலுக்கு வெளியே வரிசை நீண்டது.

"அமலி, எம் பேரை ரெண்டு தடவ எழுதுதியே, ரெண்டு மடங்கு மீன் படுமா?"

"அவளுக்குக் கம்பியூட்டரு மேலயும் நம்பிக்கை இல்ல, கை மேலயும் நம்பிக்கை இல்ல."

"விடிஞ்சிரும் போலுக்கே. நான் நாளைக்கிப் போயிக்கிடுதேன், இன்னைக்கே எழுதிரு."

சனிக்கிழமையும் இரண்டும் ஒத்துப்போயின. ஞாயிறு கடலுக்குப் போகும் வழக்கமில்லை. திங்கட்கிழமை காலை நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

*

வியாழன் விடியலில் சன்னலுக்கு வந்தான் தொம்மை. அவளுடைய ஒரே தம்பி. தனியாளாக மரம் ஓட்டி, தெற்கே பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் போகிறவன்.

"நம்பர் அதேதானல?"

"நம்பரு அதேதான். போனுதான் இல்ல."

"எங்க?"

"நேத்துத் தண்ணிக்குள்ள போயிட்டு. நீ அடிச்சா மீனு எடுத்துப் பேசும்."

"நாப்பத்துநாலு வயசாவுது. ஒரு போனைப் பிடிச்சுக்கிடத் தெரியல்ல. காலியா விடுதேன் பாத்துக்க."

"விடு. நான் எங்க போயிரப் போறேன்?"

பெட்டியில் அவன் பெயரை அடித்தாள். போன் பெட்டியை அப்படியே விட்டாள். பட்டனை அழுத்தினாள். பெயர் தாளில் விழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

அடுத்து நின்றவர் தம் பெயரைச் சொன்னார். அவள் குனிந்து தட்டச்சு செய்தாள்; அழுத்தினாள். இப்போது அவள் பார்வை பெட்டியில் இருந்தது, தாளில் இல்லை.

*

நண்பகலில் காற்று திரும்பியது. ஒரு மணிக்கு எச்சரிக்கை வந்தது. கரை வந்தவர்கள் நனைந்தபடி சன்னலில் நின்று, "வந்துட்டேன்" என்றார்கள். ஒவ்வொரு வரியாக நீங்கியது. இடையே மழைச்சாரல் உள்ளே அடிக்க, பின்கட்டுச் சன்னல்களைச் சாத்த அவள் எழுந்து போனாள். அந்தக் கால் மணி நேரம் செயலர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

மூன்று மணிக்குத் தாளில் பதினொரு படகுகள் எஞ்சின. எல்லாம் வடக்கே போனவை.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். தொம்மை இல்லை.

நான் உள்ளே போயிருந்த நேரத்தில் வந்து சொல்லியிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள். செயலர் நீக்கியிருக்கிறார்.

"மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள். பிறகு மீட்புப் படகுக்குப் போன் போட்டுப் பதினொரு பெயர்களையும் படித்தாள்.

சண்முகக்கனி வந்து சேர்ந்தபோது அவருடைய குடை முறிந்திருந்தது.

"நல்ல நேரத்துல வந்திய, டீச்சர். வந்து பாருங்க. ஏறுது, முட்டுது, எழுதுது. ஒண்ணு ஒண்ணைத் தின்னல்ல."

ஆசிரியை திரையைப் பார்த்தார். "நோட்டு எங்க?"

அமலோற்பவம் பீரோவைப் பார்த்தாள்.

அப்போது தலைமுக்காடு சொட்டச்சொட்ட உள்ளே வந்தாள் மெற்றில்டா. தொம்மையின் மனைவி.

"மதினி, அவரு வந்துட்டாரா?"

"வந்துட்டான். தாள்ல அவன் பேரு இல்ல."

"வீட்டுக்கு வரல்லியே."

"வலைக்கூடத்துல ஒதுங்கியிருப்பான். மழையில எப்படி வருவான்?"

"வலைக்கூடத்துலயும் பாத்துட்டேன்."

"கோயில் பக்கம் பாரு. எவன்கூடயாவது நின்னு காத்தைப் பத்திக் கதை அளந்துக்கிட்டு இருப்பான்."

"நீங்க பாத்தியளா, மதினி? கண்ணால பாத்தியளா?"

"தாள்ல இல்லங்கேன். வந்திருந்தாத்தான் பேரு போவும்."

ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு அமலோற்பவத்தின் பக்கத்தில் அமர்ந்தார்.

"அக்கா, என்னை எழுதுங்க."

"ஒங்களையா?"

"நானும் கடலுக்குப் போறேன். எழுதுங்க."

"டீச்சர், விளையாடுத நேரமா இது?"

"எழுதுங்க."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. அமலோற்பவம் பெட்டியில் 'சண்முகக்கனி' என்று அடித்தாள். "போன் நம்பர் சொல்லுங்க."

"போன் இல்லை."

"கையில வச்சிருக்கியளே!"

"இன்னைக்கு இல்லை."

போன் பெட்டியைக் காலியாக விட்டு அழுத்தினாள். பதினொரு வரிகளுக்குக் கீழே, பன்னிரண்டாவதாக, ஆசிரியையின் பெயர் விழுந்தது.

"விழுந்துட்டு. சரியாத்தான விழுந்திருக்கு?"

"இப்ப இவங்களை எழுதுங்க" என்று ஆசிரியை மெற்றில்டாவைக் காட்டினார். "இவங்க நம்பரோட."

தம்பி மனைவியின் எண் அவளுக்கு மனப்பாடம். எண்ணை அடித்தாள். பெயரை அடித்தாள். அழுத்தினாள்.

"இப்பப் பெட்டியைப் பாக்காதீங்க. தாளைப் பாருங்க."

பார்த்தாள்.

பன்னிரண்டாவது வரியில் 'மெற்றில்டா' என்று இருந்தது. பதின்மூன்றாவது வரி இல்லை.

அமலோற்பவம் ஆசிரியையின் பெயரைத் தேடினாள். மேலே தேடினாள். கீழே தேடினாள். பிறகு, பக்கத்து நாற்காலியில் ஈரச் சேலையோடு உயிரும் உடம்புமாக உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆசிரியை திரையில் போன் எண் பத்தியின் மேல் விரலை வைத்தார்.

வெளியே காற்று ஓட்டுக்கூரையை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தது.

"எம் பிள்ளை" என்றாள் அமலோற்பவம். தம்பியைத்தான் சொன்னாள். போனை எடுத்தாள். எண்ணை இரண்டு தடவை தப்பாகப் போட்டாள். மூன்றாவது தடவை மீட்புப் படகின் தலைவர் எடுத்தார்.

"பதினொண்ணு இல்ல. பன்னிரண்டு. எழுதிக்கிடுங்க. தொம்மை. மரம். ஒத்தையாளு. தெக்க போயிருக்கான், பாருக்கு."

"நம்பர் சொல்லுங்கம்மா."

"நம்பர் இல்ல."

"நம்பர் இல்லாம எப்படி எழுத? மொதக் கட்டமே அதுதான்."

"பேரு இருக்குய்யா" என்றாள். "பேரை எழுதும்."

*

பின்னர் உறுதியான செய்திகள்:

அன்று விடியலில் சிப்பிக்கரையிலிருந்து போனவை முப்பத்துநான்கு. மூன்று மணிக்குள் திரும்பியவை இருபத்திரண்டு.

அந்தக் கால் மணி நேரத்தில் தொம்மை சன்னலுக்கு வரவில்லை. செயலர் அவன் பெயரை நீக்கவுமில்லை; நீக்க அங்கே அந்தப் பெயர் இருக்கவில்லை.

அவள் இரண்டாம் முறை பேசியபோது மீட்புப் படகு ஏற்கெனவே வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே தேட இன்னொரு படகு புறப்பட்டது.

ஐந்து நாற்பதுக்குத் தொம்மையைக் கண்டார்கள். மரத்தின் ஒரு கட்டை பிய்ந்து போயிருந்தது. மீதிக் கட்டைகளோடு கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டிருந்தான். இடது தோள் இறங்கியிருந்தது. உயிர் இருந்தது. அந்தத் தோளால் இனி வலை இழுக்க முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். தூண்டில் போடலாம் என்றார்கள்.

இவ்வளவுக்கும் அமலோற்பவத்தை அவன் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. அவளால் அதைத் தாங்க முடியவில்லை என்று மெற்றில்டா சொன்னாள்.

பட்டன் இப்போது பெயர்ப் பத்தி வழியாக ஏறுகிறது. பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால் எழுத மறுத்து, "யார்?" என்று கேட்கிறது. அந்த ஒரு சொல்லை அமலோற்பவமே அதற்கு எழுதிவைத்தாள்.

அதன் பின் ஆறு வியாழக்கிழமைகள் வரை நோட்டு திறந்தே இருந்தது. வரிசையில் நின்றவர் எவரும் அதைக் கேலி செய்யவில்லை.

தொம்மை இப்போது தூண்டிலோடு கடலுக்குப் போகிறான்; இன்னும் போன் வாங்கவில்லை. அவன் வரியில் முதல் கட்டம் காலியாக இருக்கிறது. அந்த வரிக்கு மேலேயும் படகுகள் இருக்கின்றன, கீழேயும் இருக்கின்றன.