பச்சைக் கோடு

"அம்மா, ஒண்ணை அறுத்துவிடணும். நீங்க சரின்னு சொல்லணும்."

தணிகாசலம் இப்படிச் சொன்னபோது உமையாள் அம்மா ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து அந்த ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர்தான் குரு. வயதில் தணிகாசலத்தைவிட இருபது வருஷம் சின்னவர்.

"எதை?"

"ஒரு புத்தகத்தை."

தணிகாசலம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் பூங்கோதை. பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று அப்பாவும் மகளும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். முதலில் அது அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போனபோது மகள்தான் சொன்னாள்.

"உங்க பெட்டிக்குள்ளயே வச்சிருந்தா நான் எப்படிப்பா எழுதறது? ஆன்லைன்ல போட்டுடலாம். ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல உக்காந்து எழுதற மாதிரி இருக்கும்."

அப்படித்தான் இருந்தது. இவர் எழுத எழுத, பச்சையாக ஒரு சின்னக் கோடு பக்கத்திலேயே ஓடிவரும். கோட்டின் தலையில் அவள் பெயர். அவளும் அங்கே திறந்து வைத்திருந்தால்தான் அது தெரியும்.

பிறகு அவள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, போனில் ஒரு வார்த்தை சொன்னார். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அன்றோடு பேச்சு நின்றது. புத்தகமும் பாதி வரியில் நின்றது.

"நின்னு போன புத்தகம்தானே? அது என்ன பண்ணுது உங்களை?" என்று கேட்டார் அம்மா.

"தியானத்துல உக்கார முடியலைம்மா. எப்ப முடியும்னு இருக்கு. முடிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்கு ஓடறேன். அங்கதான் இன்டர்நெட் இருக்கு. திறந்தா, அவ இருக்கா."

"என்ன எழுதறா?"

"ஒண்ணும் எழுதறதில்ல. அந்தக் கோடு மட்டும் துடிச்சுக்கிட்டு நிக்கும்."

"நீங்க?"

"பார்த்துக்கிட்டே இருப்பேன்."

அம்மா அடுத்த புடவையைப் பிழிந்தார்.

"முழுசையும் என் லேப்டாப்புல இறக்கிக்கிட்டு, ஆன்லைன்ல இருக்கறதை அழிச்சிடலாம்னு இருக்கேன். அப்பத்தான் மனசு அடங்கும்."

"சரி. அழிச்சிடுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா ஆபீஸ் அறைக்கு நடந்தார். தணிகாசலம் பின்னாலேயே போனார். உடனே சரி என்று சொல்லிவிடுவார் என அவர் எதிர்பார்க்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்தார். புத்தகம் வந்தது. கடைசி வரி அரைகுறையாக நின்றது. 'சனிக்கோளுக்கு எத்தனை நிலாக்கள் என்று கேட்டால்...'

அந்த வரியின் ஓரத்தில் பச்சைக் கோடு.

"இதுவா?"

"இதுதாம்மா."

"நீங்க வந்திருக்கறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் பேரும் அங்க தெரியும்."

"அங்க இப்ப என்ன நேரம்?"

தணிகாசலம் மனசுக்குள் கணக்குப் போட்டார். இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காத கணக்கு.

"இன்னும் விடிஞ்சிருக்காதும்மா" என்றார். அந்தக் கோட்டைத் திரும்பப் பார்த்தார்.

அம்மா குனிந்தார். 'நிலாக்கள்' என்ற சொல்லின் முடிவில் கர்சரை வைத்து, அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கடைசி எழுத்தின் புள்ளி போய்விட்டது. 'நிலாக்கள' என்று நின்றது.

"ஐயோ, என்னம்மா பண்ணிட்டீங்க! தப்பாயிடுச்சே!"

திருத்தப் போன அவர் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்."

இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பச்சைக் கோடு அசையவில்லை.

பிறகு ஒரு துள்ளுத் துள்ளியது. அந்தச் சொல்லின் முடிவுக்கு வந்து நின்றது. புள்ளி வந்து உட்கார்ந்தது.

தணிகாசலம் நிமிர்ந்தார். "அம்மா..." என்று திரும்பினார்.

அம்மா இல்லை. கொடிப் பக்கமிருந்து புடவை உதறும் சத்தம் கேட்டது.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முந்திய வரியில் அவள் எழுதியிருந்த சொல் ஒன்றில் தானே ஒரு புள்ளியை எடுத்தார்.

உடனே திரும்பி வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதினால் கோடு மறைந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. சும்மா இருந்தார்.

பச்சைக் கோடு மெதுவாக மேலே ஏறியது. ஒவ்வொரு பத்தியாகத் தாண்டியது. இவர் எப்போதோ எழுதிய ஒரு வரிக்குப் போய் நின்றது.

அந்த வரியில் ஒரு புள்ளி காணாமல் போனது.

கோடு அங்கேயே நின்று துடித்துக்கொண்டிருந்தது.