தள்ளிக்கொண்டு போன லாரி

பழைய வண்டி வாங்கி விற்கிறவர்களில் எஸ்தருக்கு மட்டும் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. எந்த வீட்டில் வண்டி வாங்கினாலும் அந்த வீட்டு வாசலில் வைத்து இஞ்சினை ஓடவிட மாட்டாள். நன்றாக ஓடுகிற வண்டியாக இருந்தாலும் சரி, நாலு ஆளை விட்டுத் தள்ளிக்கொண்டு போய், வீடு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சாவியைப் போடுவாள்.

எஸ்தருக்கு நாற்பது வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்து நாலு. உக்கடத்தில் பழைய இரும்பு எடைக்கு வாங்கி ஆளானவர். பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம், அடிபட்டுப் படித்தது முப்பது வருஷம். ஒருநாள், லட்சங்களுக்குப் போக வேண்டிய பழைய கார் ஒன்றை விவரம் தெரியாமல் வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார். தெரிந்த அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மறுநாளே எஸ்தர் முன்னால் வந்து நின்றார்.

"இனிமே எனக்கு வாத்தியார் நீங்கதான் அம்மணி."

பேரத்தில் அவரை அடிக்க ஆளில்லை. குறை சொல்லிச் சொல்லியே விற்கிறவனைக் கூனிப்போக வைத்துவிடுவார். கோபம் மட்டும் மூக்குநுனியில் உட்கார்ந்திருக்கும்.

"ஓட்டிப் பார்க்காம வண்டி வாங்குறது, பொண்ணு மூஞ்சியப் பார்க்காம தாலி கட்டுற மாதிரி இல்லீங்களா? ஏனுங்க இப்படிப் பண்றீங்க?" என்று ஆறு மாதத்தில் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

மூன்று தடவையும் எஸ்தர் சொன்னது ஒன்றேதான்.

"தள்ளுங்கண்ணா."

உடுமலைப் பக்கம் ஒரு வீட்டில் அறுபது வருஷத்துப் பார்கோ லாரி விலைக்கு வந்தது. மூக்கு நீண்ட பழைய மாடல். வாங்கிக்கொள்ள பெங்களூரில் ஒருவர் தயாராக இருந்தார். லாரிகளாகவே சேர்த்துவைத்திருக்கிற மனுஷர் அவர்.

"இந்தப் பேரத்தை நீங்களே முடிங்கண்ணா. நல்லபடியா முடிஞ்சா அடுத்ததுல இருந்து பாதிப் பங்கு உங்களுக்கு," என்றாள் எஸ்தர். லாரியை ஏற்றிப் போக வந்த டிரெய்லர் சந்துக்குள் நுழையவில்லை. அதை மெயின் ரோட்டில் நிறுத்தி, தள்ளுவதற்கு ஆள் சேர்த்துக்கொண்டு வர அவள் அங்கேயே தங்கினாள்.

சென்னியப்பன் மட்டும் வீட்டுக்கு வந்தார். லாரி கொல்லைப்புறக் கொட்டகையில் நின்றது. விற்கிறவன் திருமூர்த்தி, வங்கியில் வேலை பார்ப்பவன். லாரி அவனுடைய அப்பாவுடையது. அப்பா செத்து எட்டு வருஷம்.

சென்னியப்பன் சுற்றி வந்தார். மரப்பாடி உளுத்திருக்கிறது என்றார். கதவு தொங்குகிறது என்றார். அப்புறம் இஞ்சினுக்கு வந்தார்.

"ஓடுமா?"

"நல்லா ஓடுமுங்க. மாசம் ஒருக்கா மெக்கானிக் வந்து ஓட்டி வெச்சுட்டுப் போவாரு."

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க, பார்த்துரலாம்."

திருமூர்த்தி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இப்ப வேண்டாமுங்களே."

"ஏன்?"

"அம்மாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போற அன்னைக்குத்தான் ஓட்டறதுங்க. இப்ப அம்மா உள்ள இருக்காங்க."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். விற்கிறவன் கண்ணைத் திருப்பினால் சரக்கில் ஓட்டை. அது அவருக்கு அத்துப்படி.

"உங்கம்மா வீட்டுல இல்லாதப்பத்தான் ஓடுமாக்கும் இந்த வண்டி? நல்லாயிருக்குதுங்க கதை. உங்கம்மாவுக்கா விக்கிறீங்க? இஞ்சின் போச்சுன்னு நேரா சொல்லிருங்க தம்பி, எடைக்குப் போட்டுக்கறேன். எதுக்கு மென்னு முழுங்கறீங்க?"

திருமூர்த்தியின் முகம் சிவந்தது. "எங்கப்பா வண்டியை எடைக்குப் போடறதா?" என்றவன், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் திணித்தான். "பாருங்க. ஒரு நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம்."

சென்னியப்பன் கேபினில் ஏறினார். எஸ்தரின் ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷத்தில் என்ன கெட்டுவிடும் என்று சாவியைத் திருப்பினார்.

லாரி ஒரு தடவை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அப்படி ஒரு சத்தம். குறை சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி வந்தாள். நடந்து அல்ல, ஓடி வந்தாள். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். பாதி வழியெல்லாம் சிந்திவிட்டிருந்தது.

"இந்நேரத்துக்கா வர்றது? நேத்தே வர்றேன்னுட்டுப் போனீங்க! தண்ணி காய வெச்சிடறேன், எறங்குங்க மொதல்ல."

கதவருகே வந்து அண்ணாந்து பார்த்தாள். சென்னியப்பனுடைய முகத்தைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மாத்து டிரைவருங்களா? அவரு எங்கீங்க?"

சென்னியப்பனுக்கு இஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. சந்திலிருந்து எஸ்தர் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மறுபக்கம் ஏறிக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

சத்தம் நின்றது.

"திருமூர்த்தி, அப்பா எங்கடா?"

"உள்ள போலாம் வாம்மா."

"எறங்கி எங்க போனாரு? கடைக்கா?"

அவன் அம்மாவின் கையிலிருந்து சொம்பை வாங்கிக் கீழே வைத்தான். அவள் விடுவதாக இல்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கடைசியில் சொல்லிவிட்டான்.

"அப்பா இல்லம்மா. செத்துப் போயிட்டாரு."

"எப்போ?"

"எட்டு வருசம் ஆச்சும்மா."

அவள் மகனையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏண்டா யாரும் சொல்லல?"

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை, எட்டு வருஷத்துக்கு முந்தைய சாவுக்கு அழுத அழுகை இல்லை. அந்த நிமிஷத்தில் செத்தவருக்கு அழுதது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து நெஞ்சில் அறைந்துகொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"நாளைக்குக் காலையில மறந்துருவாங்க. இன்னைக்குப் பூராத் தெரியும்," என்றான் திருமூர்த்தி.

சென்னியப்பன் கேபினிலிருந்து இறங்கினார்.

"தம்பி, நீங்க கேட்ட வெலையே இருக்கட்டும். அதுக்கு மேலயும் போட்டுத் தர்றேன்."

"வெலையைப் பத்தி இப்பப் பேசாதீங்க. வண்டியைக் கொண்டுட்டுப் போயிருங்க. மறுபடி ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க."

எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். எஸ்தர் ஸ்டியரிங்கைத் திருமூர்த்தியின் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பின்னால் வந்து தானும் தோள் கொடுத்தாள். அவள் பக்கத்தில் சென்னியப்பன். லாரி சத்தமில்லாமல் சந்து வழியாக நகர்ந்தது. அழுகைச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது.

மெயின் ரோடு வந்ததும் சென்னியப்பன் வாய் திறந்தார். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"மூணு தடவை கேட்டேனே அம்மணி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கண்ணா?"

சட்டென்று ஒரு பதில் வந்தது. அது பொய் என்று தெரிந்து விழுங்கிக்கொண்டார். லாரி டிரெய்லரில் ஏறி முடிந்த பிறகுதான் நிஜத்தைச் சொன்னார்.

"அந்தத் தம்பி எதுக்குப் பயப்படறான்னு தெரிஞ்சிருக்கும். ஸ்டார்ட் பண்ணிருவேன்னு சொல்லிச் சொல்லியே இன்னும் முப்பதாயிரம் கொறைச்சிருப்பேன்."

எஸ்தர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு யாருங்க இதைச் சொல்லிக் குடுத்தது?"

முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரர் தவறுன மூணாம் மாசம், எங்க காரை விக்க வேண்டியதாப் போச்சுங்கண்ணா. வாங்க வந்தவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாரு. என் மகளுக்கு அப்ப நாலு வயசு. அப்பா வந்துட்டாருன்னு கேட்டைத் திறந்துவிட ஓடுனா."