சிப்பிக்காட்டில் இரண்டு மணிக்குக் காற்று நிற்கும்

சிப்பிக்காடு என்று ஒரு கடற்கரை ஊர். வரைபடத்தில் தேடாதீர்கள். வரைபடம் போட வந்தவருக்கு அந்த ஊர்க்காரர்களே வழி சொன்னதால் அவர் வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரின் துறைமுகக் கமிட்டித் தலைவர் கஸ்பார். நல்ல மனிதர். மீசை பெரிது.

கடலுக்குள் காற்றாலைகள் நடப் போகிறார்கள், சாமான் ஏற்றி இறக்க ஒரு துறைமுகத்தை ஆழப்படுத்திப் பெரிதாகக் கட்டப் போகிறார்கள் என்று சேதி வந்தது. ஒன்று சிப்பிக்காடு, இல்லையென்றால் பக்கத்துக் கல்லாமுனை. கல்லாமுனைக் கமிட்டித் தலைவர் லியோன், கஸ்பாரின் மச்சான். பெருநாள் விருந்தில் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, "துறைமுகம் ஒனக்குக் கெடைச்சா, ஒரு பக்கத்து மீசையை எடுத்துட்டு ஒன் வாசல்ல வந்து நிக்கேன்" என்று கஸ்பார் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து பாவம், அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்ஜினியர் வைகுந்தன் ஜீப்பில் வந்தார். கிண்ணம் கிண்ணமாய்ச் சுற்றும் ஒரு கருவியைக் கஸ்பார் கையில் கொடுத்தார்.

"இது காற்றோட வேகத்தை அளக்கும். துறைமுகத்திலேயே வைங்க. நனையக் கூடாது, எதுவும் இதைத் தொடக் கூடாது. கண்ணெடுக்காம பார்த்து, மணிக்கொரு தரம் நோட்டுல எழுதுங்க. ஒரு மாசத்துல வர்றேன்."

ஜீப் மறைந்ததும் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்று பேர்: கஸ்பார், வலை பின்னும் தொம்மை, மீன் ஏலம் விடும் பிலோமி.

"நனையாத எடம் வலைக் கொட்டகைதான்" என்றார் கஸ்பார்.

"அங்க சன்னல் வழியா காத்து வருமே அண்ணாச்சி" என்றான் தொம்மை. "எதுவும் தொடக் கூடாதுன்னாரு. காத்து தொட்டுட்டுன்னா யாரு பதில் சொல்ல?"

பிலோமிக்கு அது நியாயமாகப் பட்டது. ஜன்னல், ஓட்டை, ஓட்டு இடுக்கு எல்லாவற்றிலும் சாக்கை அடைத்தாள். கதவையும் சாத்தியாயிற்று.

அடுத்தது கண்ணெடுக்காமல் பார்க்கிற வேலை. தொம்மைக்கு இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் நண்டுக் கண்ணாய்ப் பிதுங்கிவிட்டது. கடைசியில் இரண்டு பேராகப் பார்ப்பது என்று முடிவானது. "சிமிட்டுதேன்" என்று தொம்மை குரல் கொடுப்பான். "நான் பாக்கேன், நீ சிமிட்டு" என்பாள் பிலோமி.

மூன்று நாள் ஓடியது. நோட்டு முழுக்க சைபர்.

கஸ்பார் நோட்டை மூடி வைத்தார். "காத்தாலைக்காரன் சைபரைப் பாத்தா நேரா கல்லாமுனைக்குத்தான் வண்டியை விடுவான். என் மீசை போச்சு!"

"வெளிய காத்து பிச்சுக்கிட்டுப் போவுது. உள்ள கொண்டாந்தா என்ன?" என்றாள் பிலோமி.

மூவரும் சாக்குகளோடு படகுத் துறைக்குப் போனார்கள். சாக்கின் வாயைக் காற்றுக்கு எதிரே விரித்துப் பிடித்தார்கள். சாக்கு புடைத்ததும் இறுக்கிக் கட்டி, முதுகில் சுமந்து வந்து கருவிக்கு முன்னால் அவிழ்த்தார்கள். பதினாறு மூட்டைக் காற்று. கிண்ணம் அசையவே இல்லை.

"சாக்குல பொத்தல் இருக்கும்" என்றான் தொம்மை. "தச்சுட்டு நாளைக்குப் பாப்போம்."

அதற்குள் பிலோமி கோயில் மண்டபத்திலிருந்து பெரிய மின்விசிறியைத் தூக்கி வந்து கருவியின் முகத்துக்கு நேரே வைத்துவிட்டாள். கிண்ணங்கள் தலைதெறிக்கச் சுற்றின. நாற்பது! நாள் முழுக்க நாற்பது. டிரான்ஸ்பார்மர் வேலை நடந்ததால் தினமும் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் இருக்காது. அப்போது மட்டும் சைபர். அதையும் அப்படியே எழுதினார்கள். கமிட்டியில் யாருக்கும் பொய் எழுதும் பழக்கம் கிடையாது.

மாதம் முடிந்து இன்ஜினியர் வந்தார். ஜீப்பில் இருந்தபடியே நோட்டைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"முதல் மூணு நாள் சைபரை விடுங்க, புதுக் கருவி அப்படித்தான். அப்புறம் நாற்பதா? கடலுக்குள்ளதான் காற்று வேணும். துறைமுகத்துல அடிச்சா எப்படி? காற்றாலையோட ஒவ்வொரு றெக்கையும் உங்க கோயில் கோபுரத்தைவிட நீளம். இந்தக் காற்றுல கிரேன் எதைத் தூக்கும்? கல்லாமுனையில இருபதுதான்."

கஸ்பாரின் கை தானாக மீசைக்குப் போனது. எந்தப் பக்கத்தை எடுப்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க, இருங்க" என்றார் இன்ஜினியர். "தினமும் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் காற்றே இல்லையா? ஒரு நாள்கூடத் தப்பலையே! இவ்வளவு ஒழுங்கான காற்றை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்லை. அந்த ரெண்டு மணி நேரம் போதும், றெக்கையை இறக்கிடலாம்!"

துறைமுகம் சிப்பிக்காட்டுக்கே வந்தது. கஸ்பார் அன்று மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். ஒன்றரை வருஷத்தில் துறையை ஆழமாகத் தோண்டி, நீளமாகத் தளம் போட்டு, பனைமரம் நாலு உயரத்துக்குக் கிரேனையும் நிறுத்திவிட்டார்கள். கொட்டகையில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லையே!

முதல் றெக்கையோடு கப்பல் வந்தது. மணி இரண்டு அடித்தது. காற்றோ வேட்டியை உருவிக்கொண்டு போகிறது.

"இன்னைக்கு இறக்கலைன்னா கப்பல் திரும்பிப் போயிடும்" என்று இன்ஜினியர் கையைப் பிசைந்தார். "ஏன் காற்று நிற்கலை?"

கஸ்பார் கொட்டகைக்கு ஓடி எட்டிப் பார்த்தார். மின்விசிறி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாய் இழுத்த டிரான்ஸ்பார்மர் வேலை முந்தின நாளோடுதான் முடிந்திருந்தது.

"அதானே பாத்தேன்! கரண்டு போவல சார், பொறவு காத்து எப்படி நிக்கும்?"

தொம்மை சைக்கிளை எடுத்துக்கொண்டு மின்வாரிய ஆபீசுக்குப் பறந்தான். காலில் விழுந்தானோ கையைப் பிடித்தானோ, கல்லாமுனையையும் சேர்த்து இரண்டு ஊருக்குமே கரண்டை நிறுத்திவிட்டார்கள். கொட்டகையில் மின்விசிறி நின்றது. கருவியில் சைபர். வெளியே காற்று முன்னைவிட ஓங்கி அடித்தது.

தொம்மை திரும்பி வந்ததும் மூவரும் பழைய நோட்டைப் புரட்டினார்கள். நோட்டில் முப்பது நாளும் தப்பாத கணக்கு இன்றைக்கு ஏன் தப்ப வேண்டும்?

சட்டென்று கஸ்பாருக்குப் பொறி தட்டியது. மீசையை முறுக்கிக்கொண்டு கல்லாமுனைப் பக்கம் கையை நீட்டினார்.

"எம் மச்சான்! போன பெருநாளைக்குத்தான் வீட்டுல இன்வெர்ட்டர் போட்டான்! கரண்டு போனாலும் அவன் வீட்டு ஃபேன் நிக்காதே!"

ஊரே கல்லாமுனைக்கு ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் இன்ஜினியர்.