செவந்தியின் காதுகுத்தும் ஸ்பீக்கரின் முனகலும்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். தொண்டை கிடையாது, ஆனால் முனகும். பாட்டுப் போட்டால் கூடவே வரும். பாட்டை நிறுத்தினாலும் தான் நிற்காது. அது என்ன?

வண்டு என்பீர்கள். இல்லை. கணினியில் பாட்டுப் போடும்போது ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று ஒரு இரைச்சல் வருகிறதே, அதுதான்.

கழுகுமலையில் ஐந்து வயதுச் செவந்திக்கு அன்று காதுகுத்து. யானைப் பாட்டு ஓடினால்தான் காதைக் காட்டுவேன், அதுவும் இரைச்சல் இல்லாமல் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது.

அவளுக்கு மூன்று தாய்மாமன்கள். கொம்பையா மூத்தவர், சங்கிலி இரண்டாமவர், வேலாண்டி கடைசி. மாமன் மடியில் உட்கார்ந்த பிள்ளையைக் காது குத்தும்வரை இறக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் கொம்பையா எழுந்திருக்கவே இல்லை. வயரைப் பார்க்க வேண்டுமென்றால் செவந்தியை மடியில் வைத்தபடியே தரையில் நகர்ந்து போனார்.

சவுண்ட் சர்வீஸ் அந்தோணி வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். வேலாண்டி அவனுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஒரு சுவர்லயும் ஸ்பீக்கர் இன்னொரு சுவர்லயும் மாட்டியிருக்கும். ரெண்டையும் ஒரே ப்ளக் பாயிண்ட்ல மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு அந்தோணி வைத்துவிட்டான்.

மூவரும் ப்ளக் பாயிண்ட்டை வெகுநேரம் பார்த்தார்கள்.

"இடம் ஒண்ணுதானே இருக்கு. ரெண்டு எப்படிண்ணே மாட்டும்?" என்றார் சங்கிலி.

"ஒரு நாற்காலியில ரெண்டு பேர் எப்படி உக்காருவாங்க? முறை வச்சுத்தான்" என்றார் கொம்பையா.

முதல் முறை கணினிக்கு. திரையில் யானை ஆடியது. இரைச்சல் இல்லை. அடுத்த முறை ஸ்பீக்கருக்கு. பச்சை விளக்கு எரிந்தது. அப்போதும் இரைச்சல் இல்லை. மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"பாட்டு கேக்கலையே மாமா" என்றாள் செவந்தி.

"அங்க பாட்டு ஓடுனதைப் பாத்தே. இங்க ஸ்பீக்கர் எரியுறதைப் பாக்குறே. ரெண்டையும் நீதான் தாயி சேத்துக்கணும்" என்றார் வேலாண்டி.

செவந்தி இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு மறுபடி போன் போட்டார்கள்.

மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தோணி கத்தினான். "அப்ப ஒண்ணொண்ணா அணைச்சுப் பாருங்க. எதை அணைச்சா இரைச்சல் நிக்குதோ, அதுதான் திருடன். அதைத் தூக்கி வெளிய வச்சிருங்க."

மின்விசிறியை அணைத்தார்கள். இரைச்சல் நிற்கவில்லை. பிரிட்ஜை அணைத்தார்கள். பாதிச் சட்னியோடு மிக்ஸியை அணைத்தார்கள். சீரியல் பல்புகளை அணைத்தார்கள். கடைசியில் தாத்தாவின் காதிலிருந்த கேட்கும் கருவியையும் அணைத்தார்கள்.

"நின்னுட்டு" என்றார் தாத்தா.

திருடன் அகப்பட்டான். கருவியை வேலாண்டி வாசலில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்தால் "ர்ர்ர்".

"தாத்தாவுக்கு நின்னுட்டு, நமக்கு மட்டும் நிக்கலையே?" என்றார் சங்கிலி.

கொம்பையா கண்ணை மூடி யோசித்தார். "அப்ப திருடன் ரெண்டு பேர். தாத்தாவைப் பிடிச்சவன் வேற, நம்மளைப் பிடிச்சவன் வேற."

கணினியை விட்டால் மிச்சமிருந்தது ஸ்பீக்கர். அதை அணைத்ததும் வீடே அமைதியானது. அதையும் கழற்றி வாசலில் வைத்தார்கள்.

"பாட்டு எங்க மாமா?"

"அதுவும் கூட்டாளிதான் போல. அவனோடயே போயிட்டு" என்றார் கொம்பையா வருத்தத்தோடு.

"இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்கு. பாட்டு வருமா, வராதா?" என்றார் ஆசாரி.

ஸ்பீக்கர் ஓடி வந்தது. கூடவே பாட்டு வந்தது, பாட்டோடு இரைச்சலும் வந்தது.

"ரெண்டும் பிரிய மாட்டேங்குது" என்றார் சங்கிலி. "பாட்டா, இரைச்சலா, எது வேணும்னு பாப்பாவே சொல்லட்டும். மத்ததை எப்படியாவது வெளிய அனுப்பிருவோம்."

கொம்பையா குனிந்து மடியைப் பார்த்தார். "சொல்லு தாயி. எது?"

செவந்தி இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தாள். வலது காதுக்குப் பாட்டு, இடது காதுக்கு இரைச்சல் என்றாள்.