இரண்டாம் அணி வென்ற நாடு

கால்பந்துச் சங்கத் தலைவர் தெய்வநாயகத்துக்கு நாட்டின் இரண்டாம் அணி என்றாலே இளக்காரம். ஒருநாள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அந்த அணியைக் கலைக்கப்போவதாக அறிவித்தார்.

"முப்பது வருஷமா இருக்காங்க. ஏதாவது வரலாறு உண்டா? ஒரு நாட்டு அணியை ஜெயிச்சதா யாராவது காட்டட்டும், கலைக்கிற பேச்சையே விட்டுடறேன்!"

ஆட்டக்காரர்கள் தலைகுனிந்தார்கள். அவர்களை வெளிநாட்டு அணியோடு ஆட விட்டதே இல்லை. புதன்தோறும் நாட்டு அணியான முதல் அணியோடு பயிற்சி ஆட்டம் ஆடுவதுதான் அவர்கள் பிழைப்பு.

அணியின் சட்டை துவைக்கும் ஜெசிந்தா, இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"ஐயா, முதல் அணி போன வருஷம் நாப்பது ஆட்டம் ஆடி முப்பத்தொண்ணு ஜெயிச்சதுன்னு, ஒண்ணுகூட சமன் இல்லன்னு அறிக்கையில போட்டிருக்கீங்களே?"

"ஆமா, பெருமையா போட்டிருக்கேன்!"

"வெளிநாட்டோட ஒரு ஆட்டமும் இல்லியே. நாப்பதும் புதன்கிழமை ஆட்டந்தானே?"

"பயிற்சியா இருந்தா என்ன? ஆட்டம் ஆட்டந்தான்!"

"அப்ப மிச்சம் ஒன்பதுல நம்ம நாட்டு அணியை ஜெயிச்சது யாருங்க ஐயா? இல்ல, அறிக்கையே பொய்யா?"

பத்திரிகைக்காரர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். தலைவர் அவசரமாகக் கூட்டத்தை முடித்தார்.

அணி கலையவில்லை. "ஒரே வருஷத்தில் ஒரு நாட்டை ஒன்பது முறை வென்றது" என்று அதன் வரலாற்றில் எழுதித் தலைவரே கையெழுத்திட வேண்டியதாயிற்று. எந்த நாடு என்று மட்டும் போட வேண்டாமே எனக் கெஞ்சினார்.

"போடுங்க" என்றாள் ஜெசிந்தா. "பெரிய எழுத்துல போடுங்க."