சவரியம்மாள் கட்டிய பந்தயம்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த நாட்களில், மாலையானால் எங்கள் துறைமுக ஊரின் சூதாட்ட விடுதியிலிருந்து பிடில் இசை கடற்கரை வீதியெங்கும் கேட்கும். அங்கே ஒரு ரூபாய்க்கு மேல் பந்தயம் கட்டக் கூடாது. அந்த வரம்பை ஊர்மக்களின் வாக்கெடுப்பால் நீக்கிவிட விடுதி முதலாளி துரைசிங்கம் முனைந்தார்.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் கூட்டத்தில், "வரம்பு போனா வீட்டுக்கு வீடு செல்வம்தான்! நாளைக்கு ஜெயிக்கப் போறது நாமதான். மறுத்துப் பேச ஆள் உண்டா?" என்று முழங்கினார்.

விடுதியில் கோப்பை கழுவும் சவரியம்மாள் எழுந்தாள். அந்த வரம்பு இருந்ததால்தான் அவள் கணவன் இன்னும் குடிசையைத் தோற்காமல் இருந்தான்.

"நாளைக்கு நீங்க தோப்பீங்கன்னு பந்தயம் கட்டுறேன், முதலாளி. என் சொத்து முழுசும் வைக்கிறேன். உங்க சொத்து முழுசும் வையுங்க."

"உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஒரு குடிசை, ரெண்டு கோழி. ஜெயிக்கப் போறவங்களுக்கு என்ன தயக்கம்?"

"வையுங்க முதலாளி!" என்று கூட்டம் ஆரவாரித்தது. விடுத்த பந்தயத்தைப் பலர் முன்னிலையில் மறுப்பது அவ்வூரில் பெருந்தலைகுனிவு.

துரைசிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காக? பந்தயத்துக்கு ஓர் அளவு வேண்டாமா, அம்மா?"

"அதைச் சொல்லத்தான் நானும் எழுந்தேன்" என்று சவரியம்மாள் அமர்ந்துவிட்டாள்.

மறுநாள் ஊரார் வரம்புக்கே வாக்களித்தார்கள், முதலாளியின் மைத்துனர் உட்பட.