பின்தகட்டில் இருந்த ஒயர்

திருச்சியில் ஒரு மாடிக் கடையில் ஜெசிந்தா கணினி அசெம்பிள் செய்து கொடுத்துவந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்தவர் கோதண்டம். வேலை பார்த்த பஞ்சாலையை மூடிய பிறகு வந்தவர். அவளைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

“இந்த வயசுல இந்த வேலை எனக்குப் பொருந்துமா டீச்சர்?” என்று அடிக்கடி கேட்பார்.

“அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்கண்ணே” என்பாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம், ஸ்டூடியோ வைத்திருக்கும் பர்வீன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

“அக்கா, எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு. டிஸ்க்குல ஒரு கல்யாணம் முழுசா கிடக்கு.”

“காப்பி எடுத்து வைக்கலையா?”

“எடுத்திருந்தா இப்படி மூச்சு வாங்க ஓடி வருவேனா? சாயந்திரம் பொண்ணோட அப்பா வந்து நிப்பாரு.”

ஜெசிந்தா கோதண்டத்தைப் பார்த்தாள். “மாத்துங்கண்ணே.”

மின்சாரம் தரும் அந்தப் பழைய டப்பாவைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். ஒயர்களையும் ஒவ்வொன்றாக மாற்றினார். டிஸ்க்குக்குப் போகும் ஒயர் மட்டும் கணினிப் பெட்டியின் பின்தகட்டுக்குள் வளைத்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதைப் பிரித்தால் ஒரு மணி நேரம் போகும். அப்படியே விட்டு, அதன் நுனியைப் புது டப்பாவில் செருகினார். டக்கென்று உட்கார்ந்தது.

சுவிட்ச் வரைக்கும் போன கை நின்றது.

“டீச்சர், போடலாமா?”

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். டிஸ்க்கிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். “இப்பப் போடுங்க. ஒயர் நுனியில மீட்டரை வைங்க.”

வைத்தார். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் மீட்டர் பன்னிரண்டு காட்டியது. டிஸ்க் மாட்டியிருந்தால் கல்யாணம் கருகியிருக்கும். கோதண்டம் சட்டென்று சுவிட்சை அணைத்தார். பர்வீன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“சரியாப் பொருந்துச்சே டீச்சர்! அப்புறம் எப்படி?”

ஜெசிந்தா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். “போடுங்க.”

தன்னுடையதை எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டார்.

“மூக்குல நிக்குதா?”

“நிக்குது.”

“காதுல இறுக்குதா?”

“இல்லையே, எனக்குன்னே செஞ்சாப்புல இருக்கு.”

“மேசையில ஒரு ஸ்க்ரூ கிடக்கு. எடுங்க.”

கோதண்டம் துழாவினார். டீ கிளாஸைத் தட்டிவிட்டார். அவ்வளவு பயத்திலும் பர்வீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோதண்டம் பின்தகட்டைத் திறந்தார். கட்டுகளை வெட்டி, பழைய டப்பாவுக்கென்றே செய்த அந்த ஒயரை உருவினார். புது டப்பாவோடு வந்த ஒயரை அதே வழியில் நுழைத்தார். மீட்டர் வைத்தார். ஐந்து. இன்னொரு தடவை வைத்தார். ஐந்துதான். பிறகு டிஸ்க்கை மாட்டினார்.

திரையில் மணப்பெண் வாயில் ஜாங்கிரியோடு தோன்றினாள். பர்வீன் டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகுதான் படியிறங்கினாள்.

கோதண்டம் மேசையில் சிந்திய டீயைத் துடைத்தார். பழைய ஒயரைப் பழைய டப்பாவோடு சேர்த்துக் கட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

“இன்னைக்கு அந்த டிஸ்க்கைக் கொன்னிருப்பேன். நாளையிலேருந்து வரலாமா, வேணாமா டீச்சர்?”

“சுவிட்சைப் போடாம ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?”

அவர் யோசித்தார். “புது டப்பாவோட வந்த ஒயர் ஒண்ணு பிரிக்காம கவர்லயே கிடந்துச்சு. அது எதுக்கு வந்துச்சுன்னு மனசு உறுத்துச்சு.”

ஜெசிந்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“அது நான் சொல்லிக் கொடுத்தது இல்லையேண்ணே.”